மகாராணி சிரித்த வாரம்

— கதவைச் சாத்துங்க டீச்சர். முதல்ல கதவைச் சாத்துங்க, அப்புறம் சொல்றேன்.

— சாத்திட்டேன். என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போய் நிக்கிறீங்க? நம்ம மகாராணிக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சா?

— ஃபிட்ஸ்னா எனக்கென்ன பயம்? மூணு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மணி பாத்து, அஞ்சு நிமிஷம் தாண்டினா மருந்து. அதெல்லாம் என் கை தானாச் செய்யும். இது வேற. கால். வலது கால்.

— காலுக்கு என்ன?

— டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு.

— சரி, ஒண்ணொண்ணா சொல்லுங்க. எப்போ? எங்க?

— இப்பத்தான், இதோ இந்தப் பலகை மேல. டயப்பர் மாத்தணும்னு வீல் சேர்லருந்து தூக்கினேன். முட்டிக்குக் கீழ ஒரு கை, முதுகுக்குப் பின்னால ஒரு கை. எப்பவும் தூக்கற மாதிரிதான். கீழ விடறப்ப இவ கால் பலகை விளிம்புல பட்டுச்சு. இடிக்கல டீச்சர், சத்தியமா இடிக்கல, லேசாப் பட்டுச்சு. டக். பென்சில் முனை ஒடியற சத்தம். ஐயோ, என் தலையெழுத்து.

— நீங்க தனியாவா தூக்கினீங்க?

— இவ வாயைத் துடைக்கணும், அந்தத் துண்டை எடுங்க டீச்சர்.

— அக்கா, கேக்கறேன்ல. இவளை ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும்னு பலகைக்கு மேலயே எழுதி ஒட்டியிருக்கு. தனியாத் தூக்கினீங்களா?

— எழுதி ஒட்டினது எனக்குத் தெரியாதா? அதை ஒட்டினதே நான்தான். இன்னொரு ஆயா, அந்தக் கண்ணாடிக்காரி எங்கன்னு கேளுங்க. காலையிலருந்து அவ நம்ம ஓட்டக்காரப் பையன் பின்னாடியே ஓடிக்கிட்டிருக்கா. அவன் ரெண்டு தடவை கேட் வரைக்கும் போயிட்டான்னு, "நீ அவனோடவே இரு, இந்தப் பக்கம் அக்கா பாத்துப்பாங்க"ன்னு சொன்னது யாரு?

— நான்தான் சொன்னேன்.

— உங்களைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லல டீச்சர். பிள்ளை ஈரத்துல கிடக்கறா, எவ்வளவு நேரம்தான் விடறது? தொடை வெந்து போயிடும்ல. இருபத்திரெண்டு கிலோதானே, தூக்கிடலாம்னு தூக்கிட்டேன்.

— சரி. தள்ளுங்க, நான் பாக்கறேன். மகாராணி, டீச்சர் வந்திருக்கேன்டா. காலைப் பாத்துக்கறேன், சரியா? மெதுவா... அக்கா, முட்டிக்கு மேல வீங்கியிருக்கு.

— வீங்கித்தான் இருக்கு.

— இது அஞ்சு நிமிஷத்து வீக்கமா?

— திங்கக்கிழமையே கொஞ்சம் உப்பலா இருந்துச்சு. நான் உங்ககிட்டச் சொன்னேன். கால்ல மாட்டற காலிப்பர் வார் இறுக்கமா இருக்கும், ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. தளர்த்திக் கட்டினேன். நம்ம வகுப்பு நோட்டுலயும் எழுதினேன்.

— ஆமா. ஆமா, சொன்னேன். ஆனா அது இவ்வளவு இல்ல. இது... சூடா வேற இருக்கு.

— பாருங்க, நீங்க தொட்டதும் சிரிக்கிறா.

— சிரிக்கிறா, இல்ல? நல்லாவே சிரிக்கிறா. அக்கா, உடைஞ்சிருந்தா ஒரு பிள்ளை இப்படிச் சிரிக்குமா? தொட்டவுடனே ஊரைக் கூட்டிடாது?

— அதைத்தான் நானும் நெனச்சேன். சத்தம் கேட்டதும் எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. அழப்போறா, கத்தப்போறான்னு பாக்கறேன், இவ வாயை அகலத் திறந்து, ஹெக் ஹெக்னு சிரிக்கிறா. ஒண்ணும் இல்லைன்னு நானே என் கன்னத்துல தட்டிக்கிட்டேன். அப்புறம் பாத்தா பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடக்கு. நேரா வெச்சாலும் தானாச் சாயுது. அப்பத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

— நேரா வெச்சுப் பாத்தீங்களா?

— ஒரு தடவை. ஒரே தடவை.

— இனிமே தொடாதீங்க. நானும் தொடல. அந்தத் துண்டுகளைச் சுருட்டிக் கொடுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அசையாம இருக்கணும். அவ்வளவுதான் இப்ப நம்மால முடியும். நான் ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்.

— அவங்க அம்மாவுக்கு?

— அவங்களுக்கும்தான்.

— டீச்சர், கொஞ்சம் இருங்க. ரெண்டு நிமிஷம். என்னை என்ன செய்வாங்க?

— முதல்ல பிள்ளையைப் பாப்போம்.

— பிள்ளையைத்தான் பாக்கறேன், மூணு வருஷமா இவளைத்தான் பாக்கறேன். என்னை வெளிய அனுப்பிடுவாங்க, தெரியும். போன வருஷம் பக்கத்துக் கட்டடத்துல ஒரு ஆயாவுக்கு, பிள்ளை தொண்டையில சாதம் அடைச்சுடுச்சுன்னு, அன்னைக்குச் சாயங்காலமே பையைக் கையில கொடுத்துட்டாங்க. நான் போனா இவளுக்கு யாரு கஞ்சி ஊட்டறது? ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவுல பத்து எண்ணணும். அது கண்ணாடிக்காரிக்குத் தெரியுமா? அவ நாலு எண்ணறதுக்குள்ள ஊட்டிடுவா.

— அக்கா, உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. போன் பேசிட்டு வரேன்... ஹலோ, ஆமா, தொடக்கப் பள்ளிதான், சிறப்புப் பிரிவு. பின்பக்க கேட் வழியா வாங்க, முன்பக்கம் படி இருக்கு. எட்டு வயசுப் பெண் குழந்தை. பேச முடியாது, நடக்க முடியாது. வலது தொடை எலும்பா இருக்கலாம். இல்ல, அழல. நெனவோடதான் இருக்கா. சிரிச்சுக்கிட்டிருக்கா. ஆமாங்க, சிரிக்கிறான்னுதான் சொன்னேன்.

— எவ்வளவு நேரமாம்?

— இருபது நிமிஷம். மேம்பாலத்துல நெரிசலாம். அம்மாவுக்கும் போட்டுட்டேன். எடுத்தவுடனே "பாப்பாவா"ன்னுதான் கேட்டாங்க. கால்ல ஏதோ அடிபட்ட மாதிரி இருக்கு, வாங்கன்னு மட்டும் சொன்னேன். தையல் கம்பெனியிலருந்து பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க.

— என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. அதுதான்... ஒரு வார்த்தை கேக்கல. எந்தக் கால், எப்படி, எப்போ, எதுவும் கேக்கல. "வரேன்"னாங்க, வெச்சுட்டாங்க.

— கோவமாத்தான் இருக்கும். இருக்காதா பின்ன? ஒத்தப் பிள்ளை. வீட்டுக்காரர் லாரியில போனா மாசத்துக்கு நாலு நாள்தான் வீடு. மாமியார் வீட்டுல எல்லாரும் இவளை எங்கயாவது விடுதியில கொண்டுபோய் விட்டுடு விட்டுடுன்னு நச்சரிக்கிறாங்களாம். அந்த அம்மா மட்டும் பிடிச்ச பிடியில நிக்கிறாங்க. அவங்க முகத்தை நான் எப்படிப் பாப்பேன் டீச்சர்?

— அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. விபத்துப் படிவம் எழுதணும். ஹெச்செம் வர்றதுக்குள்ள எழுதிடணும். "ரெண்டு பேர் தூக்கினோம்"னு எழுதறேன். நீங்க தலைப்பக்கம், நான் கால்பக்கம். என் கையெழுத்தும் இருக்கும்.

— நீங்க அப்ப இங்க இல்லையே.

— இல்லதான்.

— ஜன்னல் பக்கம் அந்த ரெட்டைப் பசங்களுக்கு மணி கோக்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தீங்க.

— அந்தப் பசங்க யாருகிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல. இந்த அறையில எது நடந்தாலும் வெளிய போய்ச் சொல்றதுக்கு ஒரு பிள்ளைக்கும் வாய் கிடையாது. ஐயோ, நான் பேசறதைக் கேட்டா எனக்கே கூசுது. ஆனா தனியா அனுப்பினது நான். நீங்க மட்டும் மாட்டிக்கக் கூடாது. நானும் மாட்டிக்கக் கூடாது, அதையும் சேத்துத்தான் சொல்றேன். எனக்கும் பயமா இருக்கு அக்கா. இது எனக்கு முதல் வருஷம்.

— எனக்காகச் சொல்றீங்க. புரியுது.

— ரெண்டு பேருக்காகவும் சொல்றேன்.

— சரி. எழுதுங்க. ரெண்டு பேர்னே எழுதுங்க. என் தலையெழுத்து, இந்த வயசுல பொய்யும் சொல்லணும்னு.

— நேரம் ஒண்ணே முக்கால். டயப்பர் மாற்றும்போது... முறைப்படி இருவர் தூக்கும்போது... அக்கா, இவளுக்கு நெத்தியில வேர்க்குது பாருங்க. துடைச்சு விடுங்க.

— மகாராணி, என்னடி கண்ணு, பல்லக்குல போறதுக்கு அவசரமா? வண்டி வரும். மணி அடிச்சுக்கிட்டு வரும். நீங்க படுத்துக்கிட்டே ஊர்வலம் போகலாம். ஆத்தாடி, சிரிப்பைப் பாரு. வேர்க்க வேர்க்கச் சிரிக்கிறா.

— மூணு வருஷத்துல இந்த வாரம்தானே முதல்ல சத்தமாச் சிரிச்சா?

— ஆமா. அதுவரைக்கும் உதட்டோரம் ஒரு சுழிப்பு வரும், அவ்வளவுதான். அதுக்கே நான் நூறு குட்டிக்கரணம் போடணும். திங்கக்கிழமை காலையில ஸ்டாண்டுல நிக்க வெச்சு வாரைக் கட்டினதும் சிரிச்சா பாருங்க, நான் பயந்தே போயிட்டேன். யாரு சிரிக்கிறதுன்னு சுத்திப் பாக்கறேன். நம்ம மகாராணி! உங்களைக் கூப்பிட்டேன், நீங்க ஓடி வந்தீங்க, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோமே.

— ஞாபகம் இருக்கு.

— எப்பவும் இருபது நிமிஷத்துல தலை தொங்கிடும். திங்கக்கிழமை நாப்பது நிமிஷம். சிரிக்கிறாளே, இஷ்டமா இருக்கு போலன்னு விட்டுட்டோம். செவ்வாய்க்கிழமையும் நாப்பது. இன்னைக்குக் காலையிலயும். பிசியோ வந்து காலை நீட்டி மடக்கறப்ப இன்னும் ஜாஸ்தி. "இவ பயிற்சிக்கு நல்லா ஒத்துழைக்கிறா"ன்னு அவரே எழுதிட்டுப் போனாரு.

— நான் செல்போன்ல படம் பிடிச்சு ஹெச்செம்முக்குக் காட்டினேன். அடுத்த மாசம் அதிகாரிங்க வர்றப்போ போட்டுக் காட்டலாம்னு சொன்னாங்க. நம்ம பிரிவை மூடணும்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில்னாங்க.

— மூடணும்னு சொல்றவங்க வாயில இன்னைக்குச் சக்கரை போட்டுட்டேன் நான்.

— அப்படிப் பேசாதீங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது. அவங்கதான். நான் சொன்னபடி சொல்லுங்க, ரெண்டு பேர். சரியா?

— ம்.

— வாங்கம்மா. வாங்க. பதறாதீங்க, பாப்பா நெனவோடதான் இருக்கா.

— எங்க?

— இதோ, இங்கதான். தூக்கிடாதீங்கம்மா, அசைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு.

— பாப்பா. அம்மாடா. அம்மா வந்துட்டேன். வலது காலா?

— ஆமாம்மா, வலதுதான். ஒண்ணே முக்காலுக்கு டயப்பர் மாத்தறதுக்காக நாங்க ரெண்டு பேரும்...

— பொய்ம்மா.

— அக்கா!

— இருங்க டீச்சர். முகத்தைப் பாத்ததும் என்னால முடியல. அம்மா, ரெண்டு பேர் இல்ல. நான் ஒருத்திதான். டீச்சர் அந்தப் பக்கம் இருந்தாங்க. ரெண்டு பேர் தூக்கணும்னு சட்டம், நான் மீறினேன். கால் பலகையில பட்டுச்சு, டக்குனு சத்தம் வந்துச்சு. உங்க பிள்ளை காலை நான்தான் உடைச்சுட்டேன். என்னை அடிங்க, திட்டுங்க, போலீஸ்ல வேணும்னாலும் சொல்லுங்க. நான் ஓடிட மாட்டேன், இங்கதான் நிப்பேன்.

— நான்தாம்மா அவங்களைத் தனியா விட்டேன். அதையும் சொல்லிடறேன். இந்தப் படிவத்துல வேற மாதிரி எழுத ஆரம்பிச்சேன். இதோ, கிழிச்சுடறேன்.

— பரவால்ல.

— என்னம்மா?

— பரவால்லன்னு சொன்னேன். உக்காருங்க அக்கா.

— ஏம்மா இப்படிச் சொல்றீங்க? திட்டுங்கம்மா. நாலு வார்த்தை திட்டிட்டா எனக்கு ஆறும். நீங்க இப்படி "பரவால்ல"ன்னா பயமா இருக்கு.

— திட்டறதுக்கு என்ன இருக்கு? நானும் தனியாத்தானே தூக்கறேன். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. என் வீட்டுச் செவுத்துல யாரும் எழுதி ஒட்டல.

— அம்மா, நீங்க அவளோட ஆம்புலன்ஸ்ல போங்க. நான் பின்னாலயே ஆட்டோவுல வரேன். டாக்டர் முதல்ல எப்போ அடிபட்டுச்சுன்னு கேப்பாரு. இன்னைக்கு ஒண்ணே முக்கால்னு சொல்லுங்க. அக்கா சொன்னது எல்லாத்தையும் அப்படியே சொல்லுங்க, எதையும் மறைக்க வேண்டாம். வலிப்பு மாத்திரை சாப்பிடற பிள்ளைங்களுக்கு எலும்பு பலமில்லாம இருக்கும், அதையும் சொல்லுங்க.

— எக்ஸ்ரேயில தெரியுமா டீச்சர்?

— உடைஞ்சிருந்தா தெரியும்.

— இல்ல. எப்ப உடைஞ்சுதுன்னு தெரியுமா?

— அதெல்லாம் எனக்குச் சரியாத் தெரியாதும்மா. பழசா புதுசான்னு ஓரளவு சொல்லுவாங்கன்னு நெனக்கறேன். ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான்.

— தண்ணி குடிங்கம்மா. உங்களுக்கும் வேர்க்குது. பயப்படாதீங்க, பிள்ளை தைரியசாலி. வலியே இல்ல போலிருக்கு, பாருங்க, உங்களைப் பாத்ததும் எப்படிச் சிரிக்கிறா. முந்தியெல்லாம் இப்படிச் சிரிக்க மாட்டாளே! நோட்டுல எழுதி அனுப்பினேனே, பாத்தீங்கல்ல?

— பாத்தேன். திங்கக்கிழமை சாயங்காலம் பாத்தேன். "இன்று நாள் முழுவதும் சத்தமாகச் சிரித்தாள், மிகவும் மகிழ்ச்சியாக இருந்தாள்"னு. பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருந்தீங்க.

— டீச்சர்தான் வரைஞ்சாங்க.

— அதைப் படிச்சுட்டு ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்கினேன். ஒண்ணும் ஆகல, பிள்ளை நல்லாத்தான் இருக்கா, நாமதான் வீணா பயந்தோம்னு.

— எதுக்கு பயந்தீங்க?

— நேத்தும் படிச்சேன். நேத்து நிக்கிற நேரத்துல சிரிச்சான்னு போட்டிருந்துச்சு. படம்கூட அனுப்பினீங்க. அதை அவங்க அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் லாரியை ஓரங்கட்டிட்டு நாலு தடவை பாத்தாராம். எங்க வீட்டுல யாருக்கு அனுப்பலன்னு கேளுங்க. விடுதியில விடுன்னு சொன்னவங்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

— நல்லதுதானேம்மா செஞ்சீங்க.

— படத்துல நிக்க வெச்சிருக்கீங்க. வாரைக் கட்டி. அந்தக் கால் மேல.

— ஆமா, தினமும் நிக்கணும்ல... அம்மா? ஏன் பலகையைப் பிடிச்சுக்கறீங்க? மயக்கமா வருதா? டீச்சர், அந்த நாற்காலியை இழுங்க.

— வேண்டாம், நிக்கிறேன். அக்கா, இவளை ஒரு தடவை தொடுங்க. கால்ல இல்ல. கன்னத்துல.

— தொட்டேன்.

— சிரிக்கிறாளா?

— இல்ல. பாக்கறா, அவ்வளவுதான்.

— திங்கக்கிழமையும் இப்படித்தானா? கஞ்சி ஊட்டறப்ப, பாட்டுப் பாடறப்ப, அப்பெல்லாம் சிரிச்சாளா?

— கஞ்சி ஊட்டறப்ப இல்ல. அப்ப வாயைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்... பாட்டுக்கும் இல்ல. ஸ்டாண்டுல. பிசியோ காலை மடக்கறப்ப. வார் கட்டறப்ப. இப்ப தூக்கறப்ப. டீச்சர், நீங்க கொஞ்ச முன்னாடி முட்டியைத் தொட்டீங்களே, அப்ப.

— அக்கா, நிறுத்துங்க.

— நான் கணக்குப் போடத்தான் சொல்றேன் டீச்சர், ஏன் உங்க கண்ணு கலங்குது?

— ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது. பின்பக்க கேட்டைத் திறக்கணும். அம்மா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லுங்க. யாரும் உங்ககிட்டருந்து பிள்ளையைப் பிடுங்கிட மாட்டாங்க.

— அக்கா மேல எதுவும் எழுதாதீங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டறப்ப சோப்புக் கையோட தூக்கினேன், நழுவிட்டா. தரையில போய் விழுந்தா. எனக்கு உசுரே போயிடுச்சு, ஓடிப்போய் முகத்தைப் பாத்தேன். அழல. பொறந்து எட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அவ சத்தமாச் சிரிச்சு நான் முதல் தடவை கேட்டேன்.